ஜன்னல் வைக்காத சுவர்

அத்தியாயம் 1

"எனக்கு ஒரு வக்கீலைக் கண்டுபிடிச்சுக் குடுங்க."

வந்தவள் உட்காரவில்லை. புருவத்திலும் தலைமுடியிலும் மரத்தூள். கையில் நாலாய் மடித்த நோட்டீஸ். சாவி செய்யும் கடைக்கு மேலே, மாடிப்படி முடிகிற இடத்தில் இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்துக்குக் காணாமல்போன கணவர்களைத் தேடி வருவார்கள், காணாமல்போன ஸ்கூட்டர்களைத் தேடி வருவார்கள். வக்கீலைத் தேடி யாரும் வந்ததில்லை.

"வக்கீலா?" என்றான் சில்லறை. "கோர்ட் வாசல்ல நின்னு ஒரு தும்மல் போடுங்கக்கா. நாலு பேர் கைக்குட்டையோட வருவாங்க. அஞ்சாவது ஆள் தும்மினதுக்கு ஜாமீன் வாங்கிட்டு வருவார்."

சில்லறை என்பது ஊர் அவனுக்கு வைத்த பெயர். வாயைத் திறந்தால் கலகலவென்று கொட்டும், எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒன்றும் தேறாது என்று வைத்தார்கள். அந்தக் கணக்கு சரிதானோ என்ற சந்தேகம் அவனுக்கே உண்டு. சந்தேகம் வரும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் கொட்டுவான்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அவனுடைய அக்காவின் கணவர். யாரையும் நேராகப் பார்க்காமலே எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறவர் என்பதால் அவருக்குப் பெயர் ஓரக்கண்.

"மச்சான், அவங்களுக்கு நாற்காலி போடு. உன் வாய்க்குப் பூட்டு போடு. கீழே கடை திறந்துதான் இருக்கு."

நாற்காலி வந்தது. அவள் சொன்னாள். கதவும் ஜன்னலும் செய்கிற தச்சுப்பட்டறை, அவளுடையது. அப்பா ஆரம்பித்தார். அவர் இறந்த பிறகு லைசென்ஸ் அவள் பெயருக்கு மாறியது. நடுவில் நகரத்தின் நிலப்படத்தைத் திருத்தி, அந்தத் தெருவைக் குடியிருப்புப் பகுதி என்று அறிவித்தார்கள். அறிவிப்புக்கு முன்பே இருந்த தொழில் தொடரலாம், பின்னால் வந்தது போக வேண்டும். அதுதான் விதி.

"அப்பாவோட காகிதமெல்லாம் கூரை ஒழுகி மக்கிப் போச்சு. என் பேருக்கு மாறின தேதியை வெச்சுக்கிட்டு, பட்டறையே அன்னைக்குத்தான் பொறந்ததுன்னு எழுதிட்டாங்க. நாளைக்குக் காலையில நகரமைப்பு ஆபீஸ்ல கடைசி விசாரணை. போன தடவை நானே போய்ப் பேசினேன். அவங்க பிரிவு எண்ணா பேசினாங்க, நான் மனுஷப் பேச்சு பேசினேன். ஒண்ணும் ஒட்டல."

"பட்டறையைப் பூட்டினா யாருக்கு லாபம்?" என்று கேட்டார் ஓரக்கண், ஜன்னலைப் பார்த்தபடி.

"அடுக்குமாடிக்காரருக்கு. பக்கவாட்டுல இருக்கற காலி நிலம் முழுக்க வாங்கிட்டார். மெயின் ரோட்டுக்கு வர வழி என் பட்டறைதான். விலை கேட்டார், இல்லைன்னேன். திரும்பக் கேட்டார், திரும்ப இல்லைன்னேன். அப்புறம் நோட்டீஸ் கேட்டுச்சு." அவள் நிமிர்ந்தாள். "பூட்ட விட மாட்டேன். என்னை நம்பி வேலை செய்யறவங்க இருக்காங்க. தனியா நிக்கணும்னா நிப்பேன். ஆனா தோக்கறதுக்குன்னே போய் நிக்கக் கூடாது. அதுக்குத்தான் வக்கீல்."

"நிலப்பட வழக்கு எடுக்கறவங்க ஊர்லயே ஒரு கை விரல்ல அடங்கிடுவாங்களே" என்றார் ஓரக்கண்.

"எல்லா விரலையும் பார்த்துட்டேன். போன்ல 'வாங்கம்மா'ங்கறாங்க. நேர்ல போய்த் தெருப் பேரைச் சொன்னதும் முகம் மாறுது."

"பயந்துட்டாங்க" என்றான் சில்லறை.

"என்ன சொல்லி மறுத்தாங்க? அவங்க சொன்ன வார்த்தையிலயே சொல்லுங்க."

"'உங்க விஷயத்துல நான் ஆஜராக முடியாதும்மா.' எல்லாருமே இதேதான்."

ஓரக்கண் எழுந்து சட்டையை மாட்டினார். "பயந்தவன் ஆளுக்கொரு சாக்கு சொல்வான், மச்சான். ஒருத்தனுக்கு உடம்பு சரியிருக்காது, இன்னொருத்தன் வெளியூர் போவான். எல்லாரும் ஒரே சாக்கு சொன்னா, அது சாக்கு இல்ல. விதி. என்ன விதின்னு போய்ப் பார்ப்போம்."

*

முதல் வக்கீல் வயதானவர். மேஜையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒரு கண்ணாடிக் கட்டி வைத்திருந்தார். கட்டிக்குள்ளே குட்டியாய் ஓர் அடுக்குமாடிக் கட்டடம், ஒவ்வொரு மாடிக்கும் பால்கனி உட்பட.

"அழகா இருக்கே" என்றார் ஓரக்கண். "யாராவது குடுத்தாங்களா, சார்?"

வக்கீல் அதை ஒரு ஃபைலால் மூடினார்.

"பரவாயில்ல, பேர் சொல்ல வேண்டாம். பொதுவா ஒரு சந்தேகம். ஒருத்தர் உங்ககிட்ட வந்து தன் வழக்கைப் பத்தி ரகசியமா பேசறார். ஆனா உங்களை அமர்த்தல. எழுந்து போயிடறார். அப்புறம் எதிர்த்தரப்பு வந்தா?"

"எடுக்கக் கூடாது" என்றார் வக்கீல். அவர் காது சிவந்திருந்தது. "ஒருத்தரோட ரகசியம் காதுல விழுந்துட்டா, அவருக்கு எதிரா நிக்கக் கூடாது. அது எங்க தொழில் தர்மம்."

"அந்த ரகசியம் உப்புச்சப்பில்லாததா இருந்தாலும்?"

"இருந்தாலும்தான்" என்றவர், அவர்கள் வாசலைத் தாண்டும்போது, யாரிடமோ சொல்வதுபோலச் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "அந்தப் பொண்ணு தப்பா நினைச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க."

இரண்டாவது வக்கீலிடம் அதே கண்ணாடிக் கட்டடம் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. மூன்றாமவர் அதன்மேல் தேநீர்க் குவளையை வைத்திருந்தார்.

"ஆளைப் பாருங்க அத்தான்!" மூன்றாமவரின் வரவேற்பறையிலேயே சில்லறை பொங்கினான். "ஊர்ல இருக்கற எல்லாரையும் நிச்சயம் பண்ணிட்டு, ஒருத்தரைக்கூடக் கட்டிக்கல! வேற எவனும் கட்டிக்கக் கூடாதுங்கறதுதான் திட்டம். விடுங்க. இந்தக் கண்ணாடி பொம்மை இல்லாத மேஜை ஒண்ணாவது ஊர்ல இருக்கும். சாயங்காலத்துக்குள்ள அதைத் தேடிப் பிடிச்சுக் காட்டறேனா இல்லையா பாருங்க!"

ஓரக்கண் அவன் முழங்கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார். ஸ்கூட்டரைக் கிளப்பிய பிறகுதான் வாய் திறந்தார்.

"மூலையில டை கட்டிக்கிட்டு ஒருத்தன் உட்கார்ந்திருந்தானே, அவன் சட்டைப் பையில என்ன இருந்தது?"

"பேனா."

"பேனாவுக்குக் கீழே?"

சில்லறை யோசித்தான். ஒரு பேட்ஜ். பேட்ஜில் ஒரு படம். குட்டியாய் ஓர் அடுக்குமாடி, ஒவ்வொரு மாடிக்கும் பால்கனி உட்பட. சில்லறை பொங்கியதையெல்லாம் அந்த டைக்காரன் கேட்டிருப்பான். பேசாமலேயே இருந்திருக்கலாம் என்று மட்டும் தோன்றிக்கொண்டிருந்தது.

*

பட்டறைக்கு அவர்கள் வந்தபோது பிற்பகல். மரம் அறுக்கும் ரம்ப இயந்திரம் ஓயாமல் ஓடும் இடம் என்று நினைத்து வந்த சில்லறைக்கு அந்த அமைதி ஆச்சரியமாக இருந்தது. வேலையாட்கள் ஜன்னல் சட்டங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரம்பத்துக்கு ஓய்வா, அக்கா?"

"உத்தரவு." பட்டறைக்காரி பின்பக்கத்துச் சுற்றுச்சுவரை நோக்கி முகவாயை வெட்டினாள். "மதியத்துலேர்ந்து காபி நேரம் வரைக்கும் ரம்பம் ஓடக் கூடாது. பின்வீட்டுக்காரி போராடி வாங்கின வரம். என் சத்தத்து மேல புகார் குடுக்கறதே அவளுக்குப் பொழுதுபோக்கு. இந்த நோட்டீஸ்லகூட 'அக்கம்பக்கத்தார் புகாரின் பேரில்'னு போட்டிருக்கு பாருங்க. வேற யாரு?"

"அவங்க என்ன பண்றாங்க?"

வேலையாட்களில் ஒருவர் சிரித்துவிட்டார். பட்டறைக்காரி அவரை முறைத்துவிட்டு, மென்று விழுங்கிச் சொன்னாள்: "வக்கீல்."

"என்ன வக்கீல்?"

"...நில வழக்கு."

ஓரக்கண்ணின் கண் ஓரத்தில் மெல்ல ஒரு சுருக்கம் விழுந்தது. "இவங்களைப் போய்ப் பார்த்தீங்களா?"

"நானா? பட்டறையோட சேர்த்து என்னையும் பூட்டினாலும் அவ வாசப்படி மிதிக்க மாட்டேன்!"

"அதையேதான் அடுக்குமாடிக்காரரும் நினைச்சிருப்பார்" என்றார் ஓரக்கண். "உங்க பக்கம் வரக்கூடியவங்க எல்லாருக்கும் ஒரு கண்ணாடிக் கட்டடம் குடுத்துட்டார். கனவுலகூட வர மாட்டாங்கன்னு யாரை நினைச்சாரோ, அவங்களுக்குக் குடுத்திருக்க மாட்டார். வா, மச்சான்."

*

வக்கீலம்மா கதவைத் திறந்தாள். நரைமுடியை இழுத்துக் கட்டியிருந்தாள். அவளுடைய அறையில் மேஜை சுத்தமாக இருந்தது. கண்ணாடிக் கட்டடம் இல்லை. பட்டப்பகலில் குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஓரக்கண் சுற்றி வளைக்கவில்லை. விஷயத்தைச் சொன்னார், நோட்டீஸின் நகலை நீட்டினார். அவள் படித்தாள். 'அக்கம்பக்கத்தார்' என்ற வார்த்தை வந்த இடத்தில் அவள் விரல் நின்றது.

"இது என் புகார்" என்றாள். "மத்தியானம் ரெண்டு வரி படிக்க விடு, ரம்பத்தை நிறுத்துன்னு எழுதினேன். பட்டறையை மூடுன்னு எங்கேயும் எழுதல. என் புகாரைத் திருடிட்டுப் போய் அவன் ஆயுதம் ஆக்கியிருக்கான்."

"உங்களை மட்டும் அவர் ஏன் வந்து பார்க்கல?"

"காசில்லாம கிடைச்ச அடியாள்னு நினைச்சுட்டான், வேற என்ன?" அவள் குரல் உயரவில்லை, அறைதான் சூடானது. "இத்தனை வருஷமா அவகூட மல்லுக்கட்டறேன். அவ என் எதிரி. நானா தேடிக்கிட்ட எதிரி. நடுவுல வந்து அவளைத் துரத்த இவன் யாரு?"

"அப்போ எடுத்துப்பீங்களா?"

"எடுக்க எனக்கு ஆசைதான். எதை வெச்சு எடுக்கறது? நிலப்படம் மாறறதுக்கு முன்னாடியே பட்டறை இருந்ததுன்னு காட்டணும். அவகிட்ட காகிதம் இல்ல. வயசானவங்க யாராவது வந்து சொன்னா, காசு வாங்கிட்டுப் பேசறாங்கன்னு அவன் ஒரே வரியில அடிப்பான்."

யாரும் பேசவில்லை. ஓரக்கண்கூட. சில்லறைக்கு மௌனம் ஆகாது. வண்டியில் வழியெல்லாம் அடக்கி வைத்திருந்ததும் சேர்ந்துகொண்டது.

"தப்பா நினைக்காதீங்க வக்கீலம்மா. பக்கத்துலயே ஊருக்கெல்லாம் ஜன்னல் செஞ்சு குடுக்கறாங்க. நீங்க ஒண்ணு வாங்கி அந்தச் சுவத்துல மாட்டியிருந்தா கரண்ட் பில்லாவது மிச்சம்."

ஓரக்கண் கண்ணை மூடிக்கொண்டார். வக்கீலம்மா வெடித்தாள்.

"உனக்கென்ன, நாக்கை அவிழ்த்து விட்டிருக்கா? அந்த ரம்பம் கத்தற பக்கம் எவன் ஜன்னல் வைப்பான்? என் மாமனார் அஸ்திவாரம் தோண்டறப்பவே அது கத்திக்கிட்டிருந்தது! அவர் மட்டுமா? இந்த வரிசையில வீடு கட்டின ஒருத்தன்கூட அந்தப் பக்கம் ஒரு துவாரம் வைக்க—"

நிறுத்தினாள்.

சொன்னதை அவளே திரும்பக் கேட்பதுபோல, அந்த வெற்றுச் சுவரைப் பார்த்தாள். ஓரக்கண், பழக்கத்துக்கு மாறாக, அதை நேராகப் பார்த்தார்.

"இந்த வீடெல்லாம் நிலப்படம் மாறறதுக்கு முன்னாடி கட்டினதுதானே?" என்றார் மெதுவாக.

"ரொம்ப முன்னாடி. வரைபடம் ஒவ்வொண்ணும் நகரமைப்பு ஆபீஸ் முத்திரையோடதான் இருக்கு. மூணு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் மொட்டை."

"நிலப்படத்துக்கு இந்த வீடுங்க அக்கா" என்றான் சில்லறை. "இந்த வீடுங்களுக்குப் பட்டறை பெரியக்கா."

"வரிசையா அத்தனை பேரும் காத்தை வேண்டாம்னு சொல்லியிருக்காங்க" என்றார் ஓரக்கண். "காசு வாங்கிட்டுப் பேசற சுவரை நான் பார்த்ததில்ல."

வக்கீலம்மா ஏற்கனவே அலமாரியைத் திறந்திருந்தாள். "என் சுவரைக் காட்ட மாட்டேன். காட்டினா நான் சாட்சி ஆயிடுவேன், வக்கீலா நிக்க முடியாது. ரெண்டு பக்கத்து வீட்டுச் சுவரும் போதும்." ஒரு வக்காலத்துத் தாளை எடுத்து மேஜையில் அடித்தாள். "இதுல அவ கையெழுத்து போடணும். அது வரைக்கும் நான் யாருக்கும் வக்கீல் இல்ல."

அழைப்பு மணி அடித்தது.

கதவில் இருந்த எட்டிப்பார்க்கும் துவாரத்தில் ஓரக்கண் ஒரு கண்ணை வைத்தார். வெளியே நல்ல சட்டை போட்ட பெரிய மனிதர் ஒருவர். கையில் பளபளக்கும் தாள் சுற்றிய, செங்கல் அளவு பொட்டலம். பின்னால் டை.

"கண்ணாடிக் கட்டடம் வந்தாச்சு" என்றார்.

சில்லறைக்கு முகம் வெளுத்தது. கூப்பிட்டு வந்ததே அவன் வாய்தான்.

"திறக்காதீங்க!"

"திறக்கலைன்னாலும் கத்துவான்" என்றாள் வக்கீலம்மா. "வழக்கைப் பத்தி ஒரு ரகசியம் என் காதுல விழுந்தா, நாளைக்கு விசாரணையில 'இவங்க என் ரகசியம் தெரிஞ்சவங்க'ன்னு ஆட்சேபனை வைப்பான். என்னை வெளியே அனுப்பிடுவாங்க."

அவள் சொல்லி முடிக்கவில்லை. "மேடம்! அந்தப் பட்டறை விஷயமா உங்ககிட்ட ரகசியமா—" என்று கதவு பேசத் தொடங்கியது.

வக்கீலம்மா இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டாள். ஓரக்கண் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். அவசரத்துக்கு வேறு எதுவும் வாயில் வராமல் வாய்ப்பாடு சொன்னார். "ஈரேழு பதினாலு! மூவேழு இருபத்தொண்ணு!"

சில்லறை வக்காலத்தைப் பிடுங்கிக்கொண்டு பின்கட்டு வழியாக ஓடினான். சுற்றுச்சுவரில் தொற்றி ஏறி மரத்தூள் குவியலில் விழுந்தான்.

"ரம்பத்தை ஓட்டுங்கக்கா!"

பட்டறைக்காரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்த நேரத்துலயா? உத்தரவை மீறினா நாளைக்கு அதையே சொல்லி என்னை முடிச்சிடுவா. இதுதான் அவ சொல்லி அனுப்பின பொறியா? இல்ல, இதுவும் உன் ஜோக்கா?"

எல்லா ஜோக்குகளும் ஒரேயடியாக அவனை விட்டுப் போயின. "அக்கா, காலையிலேர்ந்து நான் பேசின எதையும் நம்ப வேண்டாம். இதை மட்டும் நம்புங்க."

அவள் நகரவில்லை.

அப்போதுதான் மேலேயிருந்து குரல் வந்தது. பட்டறைப் பக்கம் ஜன்னல் இல்லாத வீடு. அதனால் வக்கீலம்மா மொட்டை மாடிக்கே ஏறி வந்திருந்தாள். விரல்கள் இன்னும் காதுக்குள்ளேயே இருந்தன. முழங்கைகள் இறக்கை மாதிரி விரிந்திருந்தன.

"ஏய் பட்டறை! ஓட்டுடி ரம்பத்தை!"

"புகார் குடுப்பீங்க!"

"காது கேக்கல! ஓட்டு!"

"புகார்!"

"இன்னைக்கு ஒரு நாள் குடுக்க மாட்டேன்! ஓட்டித் தொலை!"

பட்டறைக்காரி ஒரே எட்டில் போய் விசையை அழுத்தினாள்.

தெருவே அதிர்ந்தது. ஆளுயரத் தேக்குக் கட்டையை வேலையாட்கள் ரம்பத்துக்குள் தள்ள, அது வீறிட்டுக் கத்தியது. வாசலில் அடுக்குமாடிக்காரரின் வாய் திறந்து திறந்து மூடுவது சந்து வழியாகச் சில்லறைக்குத் தெரிந்தது. தொட்டிமீன் மாதிரி இருந்தது. ஒரு சொல்லும் கரை ஏறவில்லை.

அவன் வக்காலத்தைப் பலகைமேல் விரித்து, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினான். அவள் காதில் செருகியிருந்த தச்சுப் பென்சிலை எடுத்தாள். அவன் தலையில் அடித்துக்கொண்டு பேனாவை நீட்டினான். அவள் மாடியைப் பார்த்தாள். மாடி அவளைப் பார்த்தது. நிதானமாக, மரத்தில் கோடு போடுகிற கையால், கையெழுத்துப் போட்டாள்.

சில்லறை தாளை உயர்த்திக் காட்டினான். வக்கீலம்மா காதிலிருந்து விரல்களை எடுத்தாள். ரம்பம் நின்றது.

"...அதனால இது நமக்குள்ளயே இருக்கட்டும், மேடம்" என்று வாசலில் குரல் முடிந்தது.

வக்கீலம்மா மாடியின் வாசல் பக்கம் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள். "என்ன சார் சொன்னீங்க? ஒரு வார்த்தை காதுல விழல. இந்த ரம்பத்தால உயிர் போகுது சார், எத்தனை புகார் குடுத்திருக்கேன் தெரியுமா? அப்புறம், நான் இப்போ பட்டறைக்காரியோட வக்கீல். மிச்சம் ஏதாவது பேசணும்னா நாளைக்குக் காலையில பேசுங்க, எல்லாரும் கேக்கற மாதிரி."

பளபளக்கும் பொட்டலம் காருக்குத் திரும்பிப் போனது. டை கதவைத் திறந்துவிட்டது. வாய்ப்பாடு சொல்லிக் கரகரத்த தொண்டையோடு ஓரக்கண் சந்து வழியாக வந்து, மச்சானின் முதுகிலிருந்து மரத்தூளைத் தட்டினார்.

"உன் வாயால கெட்டது" என்றார். "உன் வாயாலதான் கிடைச்சதும். பூட்டு வாங்க வேண்டாம், போ."



கார் தெருமுனை திரும்பும்வரை பட்டறைக்காரி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விசையை மறுபடியும் அழுத்தினாள். அறுக்க மரம் எதுவும் இல்லாமல், வெறும் ரம்பம், கார் போன திசையைப் பார்த்துக் கத்தியது.

"ஏய்!" மாடியிலிருந்து குரல் பறந்து வந்தது. "இன்னும் காபி நேரம் ஆகல! புகார் குடுப்பேன்!"

பட்டறைக்காரி ரம்பத்தை நிறுத்தி, கையை இடுப்பில் ஊன்றி, அண்ணாந்து பார்த்தாள்.

"குடுங்க!" என்றாள். "வருஷா வருஷம் குடுக்கற மாதிரி, நாளைக்கு ஜெயிச்சுட்டு வந்து குடுங்க!"